காத்து உள்ளே... எண்ணெய் வெளியே!

படிக்க ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி ஒரு சின்ன வேலை. ஒரு லிட்டர் வாட்டர் பாட்டில்ல தண்ணி பிடிச்சு, பாத்ரூமுக்குப் போய் அப்படியே தலைகீழா கவுத்துங்க. (செல்போனை வெளியே வெச்சுட்டுப் போங்க. அனுபவம் பேசுது!) என்ன சத்தம் கேக்குது? 'க்ளக்... க்ளக்... க்ளக்'. தண்ணி ஒரே சீரா கொட்டாம, விக்கி விக்கித்தானே கொட்டுது?

இப்ப ரெண்டாவது தடவை. கவுத்தின உடனே பாட்டிலை மாவாட்டுற மாதிரி ஒரு சுத்து சுத்தி விடுங்க. உள்ளே குட்டியா ஒரு சுழல் உருவாகும். சத்தமே இல்லாம சர்ர்ருனு காலியாகிடும். எங்க ஹாஸ்டல்ல ஸ்டாப் வாட்ச் வெச்சுப் பார்த்தோம். சும்மா கவுத்தினா 17 செகண்ட். சுத்தி விட்டா 9 செகண்ட்.

அதே பாட்டில், அதே வாய், அதே தண்ணி. அப்புறம் எப்படி?

காத்துதான் காரணம். வெளியே போற தண்ணியோட இடத்தைப் பிடிக்க உள்ளே காத்து வந்தாகணும். சும்மா கவுத்தினா ரெண்டும் ஒரே வாசல்ல முட்டிக்குது, டவுன் பஸ்ல இறங்குறவங்களும் ஏறுறவங்களும் மாதிரி. சுத்தி விட்டா நடுவுல காத்துக்குத் தனி வழி கிடைச்சிடுது. அவ்வளவுதான் மேட்டர்!

இதெல்லாம் ப்ளஸ் டூவுலயே படிச்சதுதான். மார்க்கும் வாங்கியாச்சு. ஆனா நிஜமா புரிஞ்சது இந்த வருஷம்தான். அதுவும் எங்க அம்மாவோட எண்ணெய் பாட்டிலால!

ஈரோட்டுல எங்க அம்மா சாயந்திரம் ஆறு மணிக்கு மேல தள்ளுவண்டியில தோசை போடுறாங்க. நீங்களும் இந்த மாதிரி வண்டியில சாப்பிட்டிருப்பீங்க. அங்க கல்லு மேல எண்ணெய் ஊத்த என்ன வெச்சிருப்பாங்க? கால் லிட்டர் கூல் டிரிங்க்ஸ் பாட்டில். மூடியில பழுக்கக் காய்ச்சின ஆணியால குத்தின நாலு ஓட்டை. கவுத்திப் பிடிச்சு ஒரு அமுக்கு அமுக்கினா, தோசையைச் சுத்தி கடலெண்ணெய் கோலம் போடும். யார் கண்டுபிடிச்சாங்கன்னு தெரியாது, ஆனா தமிழ்நாட்டுல எந்தத் தள்ளுவண்டிக்குப் போனாலும் இருக்கு!

அதுல ஒரே ஒரு பிரச்னை. ஊத்தி முடிச்சு நிமிர்த்தினதும் மூடியில தங்கின எண்ணெய் பாட்டில் மேலேயே வழியும். ஏழு மணிக்குள்ள பாட்டில் முழுக்க வழவழனு ஆகிடும். அம்மா அதுக்கு பேப்பர் சுத்தி வெப்பாங்க. போன பிப்ரவரியில ஒரு நாள் பேப்பரையும் மீறி பாட்டில் கையிலிருந்து வழுக்கி, சூடான கல்லு மேலேயே விழுந்துடுச்சு. எண்ணெய் வழிஞ்சு அடுப்புல இறங்கி குப்புனு பத்திக்கிச்சு. அம்மாவுக்கு வலது மணிக்கட்டு வெந்துபோச்சு. பத்து நாள் வண்டி போடலை. எங்க வீட்டுல பத்து நாள்னா அது சின்ன விஷயம் இல்லீங்க.

அந்த மாசம்தான் மினி ப்ராஜெக்ட்டுக்கு டாபிக் கேட்டாங்க. எல்லாரும் ரோபோ, ட்ரோன்னு எழுதிக் குடுக்க, நான் 'எண்ணெய் பாட்டில் மூடி'னு எழுதினேன். "இது மெக்கானிக்கல் டிபார்ட்மென்ட்டா, ஹோம் சயின்ஸா?"னு கைடு சார் கேட்டதுக்கு க்ளாஸே சிரிச்சுது. அம்மாவோட கை மேட்டரைச் சொன்னதும் சார் சிரிப்பை நிறுத்திட்டு கையெழுத்துப் போட்டார். என் டீம்ல மொத்தம் மூணு பேர். நான், டாப்பர், அரியர். (பட்டப்பேர்தான். யாருக்கு எதுன்னு நான் சொல்ல வேண்டியதில்லை!)

எடுத்த எடுப்புல அரியர் ஒரு ஐடியா சொன்னான். "எதுக்கு கால் லிட்டர் பாட்டில்? ஒரு லிட்டர்ல செஞ்சு குடுத்தா அம்மா அடிக்கடி நிரப்ப வேண்டாமே!" ஆஹா, அப்கிரேடுனு நாங்க மூணு பேரும் கை தட்டினோம். இந்தக் கைதட்டலை ஞாபகம் வெச்சுக்கோங்க. பின்னாடி வரும்.

முதல்ல குழாய். மூடியில ஒரு சின்ன ஸ்டீல் குழாய் செருகி, அது வழியா எண்ணெய் வரணும். எத்தனை மி.மீ. குழாய்? 3 மி.மீ. போட்டோம். ஒரு ஸ்பூன் எண்ணெய் இறங்க பத்து செகண்ட் ஆச்சு. தோசை கருகிடும். சரி, டபுளாக்குவோம்னு 6 மி.மீ. போட்டோம். ரெண்டு மடங்கு வேகமா வரும், மிஞ்சிப் போனா நாலு மடங்குனு நினைச்சோம். ஒரு செகண்ட்கூட முழுசா ஆகலை, கல்லு நிறைய எண்ணெய்க் குளம்! இது 'நாலடுக்கு' விதி. எண்ணெய் மாதிரி கெட்டியான திரவம் ஒடுங்கின குழாயில மெதுவா போகும்போது, குழாயோட அகலம் ரெண்டு மடங்கானா வரத்து 16 மடங்காகும். பிரெஞ்சு டாக்டர் புவாஸி (ஆமாங்க, டாக்டர்தான்!) நுண்ணிய ரத்தக் குழாய்கள்ல ரத்தம் எப்படி ஓடுதுன்னு பார்க்கக் கிளம்பி, கண்ணாடிக் குழாய்கள்ல தண்ணி விட்டு அளந்து, 1840-களில் வெளியிட்டது. ஜெர்மன் எஞ்சினீயர் ஹாகன் 1839-லயே கிட்டத்தட்ட இதையே சொல்லியிருந்தார். அதனால ரெண்டு பேர் பேரையும் சேர்த்துத்தான் நம்ம புக்குல போட்டிருக்கும்.

கடைசியில 4 மி.மீ.யில நின்னோம். ஒரு ஸ்பூனுக்கு மூணு செகண்ட். தோசையை ஒரு ரவுண்டு சுத்தி வர்ற நேரம். பர்ஃபெக்ட்!

இந்த 'வாயைச் சுருக்கு' டெக்னிக்கை தோசைக் கல்லோட விட்டுடாதீங்க. குழந்தைங்க சிரப் பாட்டில் வாயில ஒரு பிளாஸ்டிக் அடைப்பு, நடுவுல சின்ன ஓட்டையோட இருக்கிறதைப் பார்த்திருக்கீங்களா? பெரியவங்க மூடியைச் சரியா மூட மறந்துட்டா, குழந்தை பாட்டிலை எடுத்து அப்படியே குடிச்சுடும். அந்த அடைப்பு இருந்தா கவுத்தினாலும் கடகடனு கொட்டாது. ஊசியில்லாத சிரிஞ்சைச் செருகி, வேணுங்கிற அளவு மட்டும் இழுத்து எடுக்கலாம். அமெரிக்காவுல குழந்தைகளுக்கான பாராசிட்டமால் சிரப்புக்கு இந்த அடைப்பைப் போடப் போறதா 2011-ல கம்பெனிகள் அறிவிச்சாங்க. வீட்டுல குட்டிப் பசங்க இருந்தா சிரப் வாங்கும்போது ஒரு தடவை மூடியைத் திறந்து பாருங்க.

சரி, நம்ம வண்டிக்கு வருவோம். குழாய் செட். கவுத்தினோம். ஒரு ஸ்பூன் எண்ணெய் வந்துச்சு. அப்புறம்? நின்னுடுச்சு! காத்து உள்ளே போக வழி இல்லையே. 4 மி.மீ. வாயில எண்ணெயும் காத்தும் வழி மாத்திக்க முடியலை. எண்ணெயோட மேல்தோல் மாதிரி இருக்கிற பரப்பு இழுவிசை, காத்தை உள்ளே விடாம அடைச்சுக்கிட்டு நிக்குது.

இதுக்கு வழி தெரியாத டீக்கடைக்காரர் உண்டா? மில்க்மெய்ட் டின்னுல அவர் ஒரு ஓட்டையா போடுவார்? ரெண்டு போடுவார். ஒண்ணு பாலுக்கு, எதிர்ப்பக்கம் ஒண்ணு காத்துக்கு. ஆஸ்பத்திரியில குளுகோஸ் பாட்டில் ஏத்தும்போது நர்ஸ் அக்கா பாட்டில்ல தனியா ஒரு ஊசி குத்தி விடுறதைப் பார்த்திருப்பீங்க. எதுக்குனு நான் சின்ன வயசுல பயந்திருக்கேன். அதுவும் காத்துக்குத்தான். பை மாதிரி தொளதொளனு இருக்கிறதுக்கு அது வேண்டாம், தானே சுருங்கிக்கும்.

ஹோட்டல் மேனேஜ்மென்ட் படிக்கிற ஃப்ரெண்ட் ஒருத்தன் பார்ல பாட்டில் வாயில செருகுற ஸ்டீல் மூக்கு ஒண்ணு கொண்டுவந்து குடுத்தான். (அவன்கிட்ட அது எப்படி வந்துச்சுன்னு நாங்க கேக்கலை. நீங்களும் கேக்காதீங்க!) பிரிச்சுப் பார்த்தா, ஊத்துற குழாயோட பக்கத்துல ஒல்லியா இன்னொரு குழாய் உள்ளே போகுது. காத்துக் குழாய். அதோட உள்முனை எந்த இடத்துல நிக்குதோ, அங்க அழுத்தம் எப்பவும் வெளிக்காத்தோட அழுத்தம்தான். அதனால பாட்டில் நிறைய இருந்தாலும், பாதி இருந்தாலும், அந்த முனைக்கு மேல எண்ணெய் இருக்கிற வரைக்கும் வரத்து ஒரே வேகம். 17-ம் நூற்றாண்டு பிரெஞ்சு விஞ்ஞானி மாரியோட் பேருல இதை 'மாரியோட் பாட்டில்'னு சொல்றாங்க. அம்மாவுக்கு இது முக்கியம். முதல் தோசைக்கும் எண்பதாவது தோசைக்கும் ஒரே கை கணக்குதானே!

அப்படியே காப்பி அடிச்சோம். கூடவே ஒண்ணு சேர்த்தோம். காத்துக் குழாயோட வெளிவாயை மூடிக்குப் பக்கவாட்டுல, கட்டைவிரல் படுற இடத்துல கொண்டுவந்து நிறுத்தினோம். கேன்டீன்ல ஸ்ட்ராவை ஜூஸுக்குள்ள விட்டு மேல விரலை வெச்சுத் தூக்கினா ஜூஸ் உள்ளேயே நிக்கும் இல்ல? விரலை எடுத்தா கொட்டும். அதே ட்ரிக்! விரலை எடுத்தா எண்ணெய் வரும், மூடினா நின்னுடும். பாட்டிலை நிமிர்த்தக்கூட வேண்டாம். முதல் சோதனையில அவசரப்பட்டு, சாய்க்கும்போதே விரலை எடுத்தேன். எண்ணெய் காத்துக் குழாய் வழியாவே வந்து என் முழங்கை வரைக்கும் வழிஞ்சுது. பாட்டிலுக்குள்ள அழுத்தம் கொஞ்சம் குறைஞ்ச பிறகுதான் காத்து உள்ளே இழுக்கும். முதல்ல சாய்ச்சு, எண்ணெய் வர ஆரம்பிச்சதும் விரலை எடுக்கணும். இதை அம்மா ரெண்டே தடவையில பிடிச்சுக்கிட்டாங்க. எனக்கு ஒரு வாரம் ஆச்சு.

அடுத்தது வழியுற மேட்டர். பிரச்னை ஆரம்பிச்சதே அதுலதானே! வீட்டுல காபி ஆத்தும்போது கவனிங்க. வேகமா ஊத்தினா நேரா விழுது. மெதுவா ஊத்தினா டம்ளரோட விளிம்பை வளைச்சு, வெளிப்பக்கமா வழிஞ்சு, சட்டையில. இதுக்கு 'டீபாட் எஃபெக்ட்'னு 1956-ல பேரு வெச்சவர் மார்கஸ் ரெய்னர். ஒட்டுறதாலதான் வழியுதுன்னு எல்லாரும் நினைச்சப்ப, அடுத்த வருஷமே ஜோசஃப் கெல்லர்னு ஒரு கணித மேதை, விளிம்புல வளையுற திரவத்துல அழுத்தம் குறையுது, வெளிக்காத்து அதை உள்பக்கமா தள்ளுதுன்னு கணக்குப் போட்டுக் காட்டினார். 1999-ல சொட்டாத மூக்கு எப்படிச் செய்றதுங்கிற கணக்குக்காக அவருக்கும் வாண்டென்-ப்ரூக்குக்கும் 'இக் நோபல்' குடுத்தாங்க, சிரிக்க வெச்சு அப்புறம் யோசிக்க வைக்கிற ஆராய்ச்சிக்கான பரிசு. அதோட முடியலை. வியன்னாவுல ஒரு குழு 2021-ல இன்னும் விரிவான தியரி வெளியிட்டிருக்கு. ஒரு டீ சிந்துறதுக்கு அறுபத்தஞ்சு வருஷம்!

டீபாட் மூக்குக்கு அடியில வெண்ணெய் தடவினா வழியாதுன்னு ஒரு பழைய டிப்ஸ் உண்டு. தண்ணி வெண்ணெய்ல ஒட்டாது, சரி. எண்ணெய்க்கு வெண்ணெய் தடவி என்ன ஆகப் போகுது? எண்ணெய் கிட்டத்தட்ட எல்லாத்து மேலயும் ஒட்டும். நமக்கு இருந்த ஒரே வழி விளிம்பைக் கூராக்குறது. குழாய் முனையைச் சாய்வா வெட்டி, பட்டறை அண்ணன்கிட்ட குடுத்து பேப்பர் கணக்கா மெலிசாக்கினோம். உருண்ட விளிம்பை எண்ணெய் வளைச்சுக்கிட்டுத் திரும்பும், கூரான முனையில திரும்ப முடியாம அறுந்துடும். அப்படியும் கடைசிச் சொட்டு ஒண்ணு இருக்கும். அதுக்குக் குழாயைச் சுத்தி ஒரு குட்டிக் கிண்ணம். துணி துவைக்கிற லிக்விட் பாட்டில் வாயைப் பாருங்க. மூக்கைச் சுத்திக் கிண்ணம், கிண்ணத்துல ஒரு ஓட்டை, வழிஞ்சது தானா உள்ளே இறங்கிடும். எங்களால அந்த ஓட்டை வரைக்கும் போக முடியலை. கிண்ணத்தோட நிறுத்திக்கிட்டோம்.

(3டி பிரிண்டர்ல செஞ்சிருக்கலாமேனு கேக்குறவங்களுக்கு... செஞ்சோம். அது வரி வரியா இருக்கும். அந்த இடுக்குல எண்ணெய் தங்கி, நாலாவது நாளே சிக்கு வாடை. சாப்பாட்டு மேட்டர்ல ஸ்டீல்தான் பெஸ்ட்.)

ஃபைனல் ரிவியூவுக்கு ரெண்டு நாள் முன்னாடி வண்டியில சோதனை. ஒரு லிட்டர் பாட்டில், புது மூக்கு. ஆறு மணிக்கு செம ஹிட்! அம்மா விரலை எடுக்குறாங்க, கோலம். மூடுறாங்க, கட். சொட்டு வழியலை. சாப்பிட வந்தவங்க வீடியோ எடுத்தாங்க. டாப்பர் அப்பவே பேட்டன்ட் பத்திப் பேச ஆரம்பிச்சுட்டா.

எட்டு மணிக்கு, பாட்டில்ல முக்கால்வாசி காலியானப்ப, அம்மா முகம் மாறுச்சு. விரலை மூடின பிறகும் எண்ணெய் வருது. கொஞ்சம் இல்ல, கிட்டத்தட்ட ஒரு ஸ்பூன்! ஒரு தோசைக்குத் தேவையே அவ்வளவுதான். எண்பது தோசை போடுற இடத்துல ஒரு ஸ்பூன் கணக்கு தப்பினா, ராத்திரிக்கு 400 மில்லி எண்ணெய். லாபமே அதுலதான் இருக்கு. கஸ்டமர் ஒருத்தர் தோசையைத் தூக்கிப் பிடிச்சு, "அக்கா, எண்ணெய்க்கு வரி ஏதும் இல்லீங்களா?"ன்னார்.

ராத்திரி பதினோரு மணிக்கு டாப்பர் பேப்பரை எடுத்து உக்காந்தா. வெளிக்காத்து சுமார் 11 மீட்டர் உயர எண்ணெயைத் தாங்கும். நாம நிறுத்தி வெக்க வேண்டிய எண்ணெய் 7 செ.மீ. உயரம்தான். அதாவது விரலை மூடின பிறகு உள்ளே இருக்கிற காத்து ஆயிரத்துல ஆறு பங்கு விரிஞ்சாப் போதும், எண்ணெய் நின்னுடும். ஆனா அந்த ஆறு பங்கு விரியுற வரைக்கும் எண்ணெய் வந்துகிட்டேதான் இருக்கும். பாட்டில் நிறைஞ்சிருக்கும்போது உள்ளே காத்தே 50 மில்லிதான். அதுல ஆயிரத்துல ஆறுன்னா சில சொட்டு. காத்து 700 மில்லி ஆனப்ப? 4.2 மில்லி. ஒரு ஸ்பூன்ல கொஞ்சம் கம்மி. அடிச்சுது பாருங்க! பாட்டிலோட மெல்லிசான சுவர் வேற உள்ளே ஒடுங்கி அது பங்குக்குக் கொஞ்சம் தள்ளி விடுது.

காத்து ஒரு ஸ்பிரிங். இதை நாங்க முன்னாடியே பார்த்திருக்கணும். 'க்ளக் க்ளக்' சத்தத்துக்குன்னே பிரான்ஸ்ல கிளானே, சியர்பினு ரெண்டு பேர் 2004-ல ஒரு ஆராய்ச்சிக் கட்டுரை போட்டிருக்காங்க, தலைப்புலயே 'க்ளக்-க்ளக்' வரும்! அந்த விக்கலோட தாளத்தைத் தீர்மானிக்கிறதே உள்ளே மாட்டின காத்து சுருங்கி விரியுறதுதான்னு அதுல இருக்கு. படிச்சு, அடிக்கோடு போட்டு, ரிப்போர்ட்லயும் சேர்த்திருந்தோம். ஆனா நம்ம பாட்டில்ல பொருத்திப் பார்க்கலை.

மூணு பேரும் தலையில கை வெச்சு உக்காந்திருந்தப்ப அம்மா டீ கொண்டுவந்து வெச்சாங்க. பேப்பரை எட்டிப் பார்த்துட்டு, "என்ன கண்ணு, கடைசியில நிக்க மாட்டேங்குதா?"ன்னாங்க.

"ஆமாம்மா. உள்ளே காத்து அதிகமாயிடுது."

"அதுக்குத்தானே சாமி நான் சின்னப் பாட்டில் வெச்சிருந்தேன். பெரிய பாட்டில்னா பாதிக்கு மேல கை பேச்சைக் கேக்காது. ஆரம்பத்துல நானும் பெருசுதான் வெச்சிருந்தேன்."

மூணு பேரும் 'ஙே'னு பார்த்தோம். அரியர் மெதுவா, "ஆன்ட்டி, இதை முதல் நாளே சொல்லியிருக்கலாமே..."ன்னான்.

"நீங்க எங்க கேட்டீங்க?"

கால் லிட்டர் பாட்டில்ல 200 மில்லி காத்து இருந்தாலும் ஆயிரத்துல ஆறு பங்குன்னா 1.2 மில்லி. கால் ஸ்பூன். அதுக்கு அம்மா விரலை அரை நொடி முன்னாடியே மூடிடுறாங்க. மறுநாள் அதே மூக்கை அவங்க பழைய பாட்டில்ல மாட்டி, அதைத்தான் ரிவியூவுல காட்டினோம். 50-க்கு 41. 'பாட்டில் அளவை எப்படித் தேர்ந்தெடுத்தீர்கள்?'னு ஒரு கேள்வி வந்துச்சு. டாப்பர் போர்டுல கணக்கைப் போட்டா. நான் அம்மா சொன்னதைச் சொன்னேன். சார் அதையும் ரிப்போர்ட்ல எழுதச் சொல்லிட்டார்.

இப்ப வண்டியில அதான் ஓடுது. ஒரு சாயந்திரத்துக்கு ரெண்டு தடவை டின்னுலேர்ந்து புனல் வெச்சு நிரப்புறாங்க. பாட்டில் மேல பேப்பர் இல்லை. அம்மாவுக்கு ஒரே ஒரு கம்ப்ளைன்ட்தான். அந்தக் குட்டிக் கிண்ணத்தைக் கழுவ டூத் பிரஷ் வேண்டியிருக்காம். அந்த லிக்விட் பாட்டில் மாதிரி ஓட்டை வெச்சுக் குடுன்னு கேட்டிருக்காங்க. அரியருக்கு பரீட்சை முடியட்டும்னு வெயிட்டிங்!